ஓர் அணி முழுவதையும் இழந்த கழகம்: யாரோஸ்லாவ்ல் லொகோமோட்டிவின் கதை

2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி மாலை நான் செய்திப் பிரிவில் கடமையில் இருந்தேன். ஆறு மணியளவில் ரஷ்யாவில் விமானம் ஒன்று விழுந்துவிட்டதாகச் செய்தி நிறுவனங்கள் தகவல் அனுப்பத் தொடங்கின. விமானத்தில் இருந்தவர்கள் ஒரு ஹொக்கி அணியினர் என்று அடுத்த தகவல் வந்தது. பக்கத்தில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், “ஐசுக்கு மேலை விளையாடுற ஹொக்கியோ தம்பி?” என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்கு மேல் அந்த விளையாட்டைப் பற்றி எனக்கும் எதுவும் தெரியாது. நான்கு வரியில் செய்தியை எழுதி, வெளிநாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதங்களின் பின்னர் விசாரணை முடிவு வந்தபோதும் நான்தான் எழுதினேன். அது இரண்டு வரி. ‘விமானியின் தவறே விபத்துக்குக் காரணம்’ என்பது அதன் தலைப்பு.

2025ஆம் ஆண்டு மே மாதம் அதே கழகம் தன்னுடைய வரலாற்றில் முதற்தடவையாக ககாரின் கிண்ணத்தை வென்றது என்ற செய்தியைப் பார்த்தபோதுதான், அந்த ஆறு வரிகளில் எவ்வளவு விடுபட்டுப் போயிருக்கிறது என்பது உறைத்தது. ஒரு பிற்பகலில் அணி முழுவதையும் இழந்த ஒரு கழகம் எவ்வாறு தொடர்ந்து இருந்தது? அணி வேறு, கழகம் வேறு என்பதை யாரோஸ்லாவ்ல் நகரம் எனக்கு எவ்வாறு விளங்கப்படுத்தியது என்பதே இக்கட்டுரை.

தொழிற்சாலையிலிருந்து புகையிரதத்துக்கு

யாரோஸ்லாவ்ல் மொஸ்கோவிலிருந்து வடகிழக்கே சுமார் 250 கிலோமீற்றர் தூரத்தில் வொல்கா நதிக்கரையில் இருக்கும் பழைய நகரம். 2010ஆம் ஆண்டு அது தன்னுடைய ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. நகரத்தின் பழைய பகுதி யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. தேவாலயங்கள் நிறைந்த இந்த நகரம் சோவியத் காலத்தில் தொழிற்சாலைகளின் நகரமாகவும் வளர்ந்தது. அவற்றில் ஒன்று மோட்டார் இயந்திரங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை. 1959ஆம் ஆண்டு அந்தத் தொழிற்சாலையின் அணியாகத்தான் இன்றைய லொகோமோட்டிவ் ஆரம்பமானது.

சோவியத் ஒன்றியத்தில் விளையாட்டுக் கழகங்கள் தனிநபர்களின் சொத்தாக இருக்கவில்லை. இராணுவத்துக்கு ஒன்று, பொலிசுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் ஒன்று, தொழிற்சங்கங்களுக்கு ஒன்று என அவை பங்கிடப்பட்டிருந்தன. ஐஸ் ஹொக்கியில் இராணுவக் கழகமான சி.எஸ்.கே.ஏ. நாடு முழுவதிலுமிருந்து சிறந்த வீரர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. சோவியத் காலம் முழுவதும் தேசியப் பட்டம் ஒரு தடவையேனும் மொஸ்கோவுக்கு வெளியே போகவில்லை. யாரோஸ்லாவ்லின் அணி ‘டோர்ப்பீடோ’ என்ற பெயரில் நீண்டகாலம் கீழ்ப் பிரிவுகளில் விளையாடியது. 1980களின் பிற்பகுதியிலேயே அது முதற்பிரிவை எட்டியது.

ஒன்றியம் சிதறிய பின்னர் நிலைமை மாறியது. 1997ஆம் ஆண்டு பியோத்தர் வொரோபியோவின் பயிற்சியில் டோர்ப்பீடோ ரஷ்ய சம்பியனானது. 2000ஆம் ஆண்டு கழகம் ரஷ்யப் புகையிரதத் துறையின் ஆதரவின் கீழ் வந்து லொகோமோட்டிவ் என்ற பெயரைப் பெற்றது. ரஷ்யாவின் வடக்குப் புகையிரதப் பாதையின் தலைமையகம் யாரோஸ்லாவ்லில் இருப்பதால் அந்தப் பெயர் நகரத்துக்கு அந்நியமாக இருக்கவில்லை. 2001இல் சுமார் 9,000 பேர் அமரக்கூடிய ‘அரீனா 2000’ என்ற உள்ளக அரங்கு திறக்கப்பட்டது. செக் நாட்டுப் பயிற்றுவிப்பாளர் விளாடிமிர் வுய்டெக்கின் கீழ் 2002இலும் 2003இலும் அடுத்தடுத்துப் பட்டம் கிடைத்தது.

2008ஆம் ஆண்டு கொன்டினென்டல் ஹொக்கி லீக் (கே.எச்.எல்.) உருவாக்கப்பட்டது. வட அமெரிக்காவின் என்.எச்.எல். தொடருக்கு அடுத்தபடியாகப் பலம் வாய்ந்த தொடராக அது கருதப்பட்டது. முதல் விண்வெளி வீரர் யூரி ககாரினின் பெயரைத் தாங்கியது அதன் கிண்ணம். முதலாவது பருவத்திலேயே லொகோமோட்டிவ் இறுதிக்கு வந்து, ஏழு ஆட்டங்கள் வரை இழுபட்ட போராட்டத்தில் கசான் நகரின் அக் பார்ஸ் கழகத்திடம் தோற்றது. கிண்ணம் இன்னும் ஓரிரு வருடங்களில் கிடைத்துவிடும் என்றே நகரம் நம்பியது.

விளையாட்டைப் பற்றிச் சிறு விளக்கம்

எங்களில் பெரும்பாலானோர் ஐஸ் ஹொக்கியைத் தொலைக்காட்சியில்கூட முழுமையாகப் பார்த்திருக்க மாட்டோம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அதில் ஒருவர் கோல்காப்பாளர். ஏறத்தாழ 60 மீற்றர் நீளமான பனித்தளத்தில் சறுக்குச் சப்பாத்துகளுடன் விளையாடுவார்கள். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் தட்டையான, கடினமான இறப்பர் வில்லை. ஆட்டம் 20 நிமிடங்களாக மூன்று பகுதிகளைக் கொண்டது. வேகம் மிக அதிகம் என்பதால் ஒரு வீரர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தொடர்ச்சியாகக் களத்தில் நிற்பார்; ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த குழு உள்ளே குதிக்கும். எனவே ஓர் அணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் வேண்டும். அவர்களில் ஐவர் ஐவராகச் சேர்ந்து விளையாடும் குழுக்கள் மாதக்கணக்கில் பழகி உருவாகின்றன. வெறுமனே ஆட்களைச் சேர்த்தால் அணி ஆகிவிடாது.

இன்னொரு விடயம் தூரம். கே.எச்.எல். கழகங்கள் பெலாரஸின் மின்ஸ்க் நகரிலிருந்து ரஷ்யத் தூரகிழக்கின் கபரோவ்ஸ்க் வரை பரந்திருக்கின்றன. புகையிரதத்தின் பெயரைத் தாங்கிய கழகமும் விமானத்தில்தான் போக வேண்டும்.

செப்டெம்பர் 7

2011-12 பருவத்தின் முதல் ஆட்டத்துக்காக லொகோமோட்டிவ் மின்ஸ்க் புறப்பட்டது. மறுநாள் டினாமோ மின்ஸ்க் கழகத்துடன் ஆட்டம். நகருக்கு அருகேயுள்ள துனோஷ்னா விமான நிலையத்தில், மாலை நான்கு மணி கடந்து, யாக்-42 ரக வாடகை விமானம் ஓடத் தொடங்கியது. கழகத்தைச் சேர்ந்த 37 பேரும் விமானப் பணியாளர்கள் 8 பேருமாக 45 பேர் அதில் இருந்தனர். 3,000 மீற்றர் ஓடுபாதை முடிந்த பின்னரும் விமானம் எழவில்லை. ஓடுபாதைக்கு அப்பால் புல்தரையில் ஓடி எழுந்து, அங்கிருந்த சமிக்ஞைக் கம்பத்தில் மோதி, நதிக்கரையில் விழுந்து உடைந்தது.

அந்த நேரத்தில் உஃபா நகரில் பருவத்தின் ஆரம்ப ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. செய்தி வந்ததும் ஆட்டம் இடைநடுவில் நிறுத்தப்பட்டது.

இறந்தவர்களின் பட்டியல் பல நாடுகளின் பட்டியலாக இருந்தது. சுலோவாக்கியாவின் பவோல் டெமித்ரா, 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் அதிக புள்ளிகள் பெற்ற வீரர். சுவீடனின் கோல்காப்பாளர் ஸ்டெஃபான் லிவ், 2006இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். செக் வீரர்களான யோசெஃப் வஷீச்செக், யான் மரெக், கரெல் ரகூனெக்; லத்வியாவின் கார்லிஸ் ஸ்க்ரஸ்டின்ஷ்; ஜேர்மனியின் ரொபர்ட் டீட்ரிக். பெலாரஸைச் சேர்ந்த ருஸ்லான் சலே தான் பிறந்த மின்ஸ்க் நகரில் விளையாடப் போய்க்கொண்டிருந்தார். தலைமைப் பயிற்றுவிப்பாளரான கனடாவின் பிராட் மக்கிரிமன் அந்தப் பருவத்துக்காகவே புதிதாக வந்தவர்; லொகோமோட்டிவுக்காக ஒரு லீக் ஆட்டத்தையேனும் அவர் வழிநடத்தவில்லை.

இந்தப் பெயர்களை உலக ஊடகங்கள் எழுதின. நகரம் வேறு இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னது. அணித்தலைவர் இவான் திகாச்சென்கோவும் முன்கள வீரர் அலெக்சாண்டர் கலிமோவும் யாரோஸ்லாவ்லிலேயே பிறந்து, கழகத்தின் பள்ளியிலேயே சறுக்கப் பழகியவர்கள். திகாச்சென்கோ புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிறுவர்களின் சிகிச்சைக்குத் தன்னுடைய பெயரை வெளியிடாமல் பெருந்தொகைப் பணம் கொடுத்து வந்தார் என்பது அவர் இறந்த பின்னரே வெளியே தெரிந்தது. கலிமோவ் உடலின் பெரும்பகுதி எரிந்த நிலையில் உயிருடன் மீட்கப்பட்டு மொஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஐந்து நாட்கள் நகரம் அவருக்காகக் காத்திருந்தது. செப்டெம்பர் 12ஆம் திகதி அவரும் இறந்தார். வயது 26. அவருடன் சேர்த்து இறந்தோர் 44 பேர். உயிர் தப்பியவர் விமானப் பொறியியலாளர் ஒருவர் மட்டுமே.

செப்டெம்பர் 10ஆம் திகதி அரீனா 2000 அரங்கில், அவர்கள் விளையாடவிருந்த அதே தளத்தில், சவப்பெட்டிகள் வைக்கப்பட்டன. பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர்.

மறைக்கப்பட்ட இன்னொரு விபத்து

ரஷ்ய ஹொக்கிக்கு இது முதல் அனுபவமல்ல. 1950ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி சோவியத் விமானப்படையின் கழகமான வி.வி.எஸ். மொஸ்கோவை ஏற்றிச்சென்ற விமானம் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகருக்கு அருகில் விழுந்தது. வீரர்கள் 11 பேர் உட்பட 19 பேர் இறந்தனர். அந்தக் கழகம் ஸ்டாலினின் மகன் வசீலியின் பொறுப்பில் இருந்தது. செய்தி பத்திரிகைகளில் வரவில்லை. வேறு வீரர்கள் உடனடியாகச் சேர்க்கப்பட்டு ஆட்டங்கள் தொடர்ந்தன. மக்களுக்கு ஓர் அணி காணாமற் போனதே சொல்லப்படவில்லை. ஸ்டாலின் இறந்த பின்னர் அந்தக் கழகமும் கலைக்கப்பட்டது.

இறந்தவர்களின் இடத்தை ஒரே இரவில் நிரப்பி, எதுவும் நடக்காதது போல ஆட்டத்தைத் தொடங்குவது சாத்தியம் என்பதை 1950 காட்டியது. 2011இலும் அந்த வழி திறந்தே இருந்தது. நோக்கம் மட்டும் வேறு.

வேண்டாம் என்ற கழகம்

விபத்து நடந்த சில நாட்களுக்குள் கே.எச்.எல். நிர்வாகம் ஒரு யோசனையை முன்வைத்தது. ஒவ்வொரு கழகமும் விருப்பமுள்ள வீரர்கள் சிலரை விட்டுக்கொடுக்கும். அவர்களைக் கொண்டு லொகோமோட்டிவ் அந்தப் பருவத்திலேயே விளையாடலாம். நல்ல மனதுடன் சொல்லப்பட்ட யோசனை அது. பல வீரர்கள் தாமாகவே முன்வந்தனர்.

கழகத் தலைவர் யூரி யாக்கோவ்லேவ் அதை ஏற்கவில்லை. அந்தப் பருவத்தில் கே.எச்.எல். தொடரில் விளையாடுவதில்லை என்று கழகம் முடிவெடுத்தது. பதிலாக, டிசெம்பர் மாதத்திலிருந்து இரண்டாம் நிலைத் தொடரான வி.எச்.எல். தொடரில் இறங்கியது. பயிற்றுவிப்பாளர் 1997இல் நகருக்கு முதற் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்த அதே பியோத்தர் வொரோபியோவ். வீரர்களில் பெரும்பாலானோர் கழகத்தின் சொந்தப் பள்ளியின் இளைஞர்கள். செப்டெம்பர் 7ஆம் திகதி விமானத்தில் ஏறாமல் நகரில் விடப்பட்டிருந்த இளம் வீரர் மக்சிம் சியுசியாக்கினும் அவர்களில் ஒருவர். டிசெம்பர் 12ஆம் திகதி அரீனா 2000இல் முதல் ஆட்டம். பழைய அணியைப் பார்க்க வந்த அதே மக்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்க்க அரங்கை நிரப்பினர்.

இந்த முடிவைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கடன் வாங்கிய வீரர்களுடன் முதற்தொடரில் விளையாடியிருந்தால் லொகோமோட்டிவ் என்ற பெயர் புள்ளிப் பட்டியலில் இருந்திருக்கும். ஆனால் அது யாருடைய அணி? கழகம் என்பது சட்டையும் பெயரும் மட்டும்தான் என்றால் அந்த யோசனை போதும். கழகம் என்பது ஏழு வயதுப் பிள்ளையைக் காலையில் பனித்தளத்துக்குக் கூட்டிவரும் தாய், அவனுக்குக் கம்பு பிடிக்கப் பழக்கும் ஆசிரியர், அவனுடைய அண்ணன்மார் விளையாடுவதைப் பார்த்து அவன் கொள்ளும் ஆசை என்றால், அந்தப் பிள்ளைகள் தயாராகும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். யாரோஸ்லாவ்ல் பொறுத்திருந்தது.

அப்படிப் பொறுத்திருக்க முடிந்தமைக்கு அந்தப் பள்ளி விபத்துக்கு முன்னரே பலமாக இருந்ததும் காரணம். என்.எச்.எல். கோல்காப்பாளர் சிமியோன் வர்லாமோவ் அங்கிருந்து போனவர். பின்னர் அமெரிக்காவில் பெயர்பெற்ற பின்கள வீரர் இவான் ப்ரொவொரோவும் இதே நகரத்துப் பிள்ளை. விபத்துக்குப் பின்னர் கழகத்தின் இளையோர் அணியான ‘லோக்கோ’ 2016, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் ரஷ்ய இளையோர் தொடரின் கார்லாமோவ் கிண்ணத்தை வென்றது.

‘விமானியின் தவறு’

இப்போது நான் எழுதிய அந்த இரண்டு வரிக்கு வருகிறேன்.

விபத்து நடந்ததும் பலரும் சந்தேகப்பட்டது விமானத்தின் வயதைத்தான். அது 1993இல் தயாரிக்கப்பட்டது. ஆனால் 2011 நவம்பர் மாதம் வெளியான விசாரணை முடிவு வேறு விதமாக இருந்தது. விமானத்தில் கோளாறு இருக்கவில்லை. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது விமானிகளில் ஒருவரது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அதை அவர்கள் உணரவில்லை. இரு விமானிகளும் யாக்-40 என்ற இன்னொரு ரக விமானத்திலேயே அதிகம் பழகியவர்கள்; அதில் காலை வைக்கும் முறை வேறு. யாக்-42 விமானத்துக்கான பயிற்சி அவர்களுக்கு முறையாக முடிக்கப்படவில்லை. பறக்க அனுமதி பெறுவதற்கான ஆவணங்களில் மோசடி இருந்தது. துணை விமானியின் உடலில், பறப்போர் பாவிக்கக் கூடாத மருந்து ஒன்றும் காணப்பட்டது. வேகம் போதாது என்று தெரிந்த பின்னரும் ஓட்டத்தைக் கைவிடாமல் எழ முயன்றார்கள்.

இதையெல்லாம் ‘விமானியின் தவறு’ என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிடலாம். நான் அடக்கினேன். ஆனால் பயிற்சி பெறாத ஒருவரைப் பயிற்சி பெற்றவர் என்று கடதாசியில் எழுதியவர் ஓடுபாதையில் இருக்கவில்லை. அவர் அலுவலகத்தில் இருந்தார். அந்த விமான நிறுவனத்தின் அனுமதிப் பத்திரம் விரைவிலேயே இரத்துச் செய்யப்பட்டது. விமானப் பறப்புகளுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரிக்கு 2015ஆம் ஆண்டு நீதிமன்றம் ஐந்து வருடச் சிறைத்தண்டனை விதித்தது. இரண்டாம் உலகப்போர் வெற்றியின் 70ஆவது ஆண்டு நிறைவையொட்டி அறிவிக்கப்பட்ட பொதுமன்னிப்பின் கீழ் அவர் அப்போதே விடுவிக்கப்பட்டார். நான்கு வருடங்கள் நீதிக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்குத் தீர்ப்பும் மன்னிப்பும் ஒன்றாகவே கிடைத்தன.

பேரழிவு ஒன்றின் பொறுப்பை இறந்துபோனவர்களின் தலையில் வைத்துவிட்டுக் கோப்பை மூடுவது எல்லா நாடுகளிலும் இலகுவான வேலைதான். செய்தி எழுதுபவனும் அதற்குத் துணைபோக முடியும்.

திரும்பி வந்த பாதை

2012 செப்டெம்பரில் லொகோமோட்டிவ் கே.எச்.எல். தொடருக்குத் திரும்பியது. முதல் சில வருடங்களில் ஏற்ற இறக்கம் இருந்தது. 2014ஆம் ஆண்டு கடைசி இடத்தைப் பிடித்து இறுதிக்கட்டச் சுற்றுக்குள் நுழைந்த அணி, கனடியப் பயிற்றுவிப்பாளர் டேவ் கிங்கின் கீழ், இரண்டு தடவை தொடர்ச்சியாகச் சம்பியனான டினாமோ மொஸ்கோவை முதற்சுற்றிலேயே வெளியேற்றி, அரையிறுதி வரை சென்றது. 2024இல் இறுதிக்கு வந்து மக்னிட்டோகோர்ஸ்க் நகரின் மெட்டலூர்க் கழகத்திடம் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லாமல் தோற்றது. அடுத்த வருடம், 2025 மே மாதம், இகோர் நிகிட்டினின் பயிற்சியில் செல்யாபின்ஸ்க் நகரின் டிராக்டர் கழகத்தை 4-1 என்ற ஆட்டக் கணக்கில் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. விபத்து நடந்து 13 வருடங்களும் எட்டு மாதங்களும் ஆகியிருந்தன.

இந்த வெற்றியை மிகைப்படுத்தவும் தேவையில்லை. ரஷ்யாவின் பெரிய ஹொக்கிக் கழகங்கள் பார்வையாளர்களின் பணத்தில் மட்டும் வாழ்பவையல்ல. சி.எஸ்.கே.ஏ.யின் பின்னால் ரொஸ்நெஃப்ட், சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கின் எஸ்.கே.ஏ.யின் பின்னால் காஸ்ப்ரொம், லொகோமோட்டிவின் பின்னால் அரச புகையிரத நிறுவனம் என்று அரச சார்பு நிறுவனங்களே நிற்கின்றன. உக்ரைன் மீதான படையெடுப்பின் பின்னர் ரஷ்யா 2022 முதல் சர்வதேச ஹொக்கிச் சுற்றுப்போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. பின்லாந்தின் ஜோக்கெரிட்டும் லத்வியாவின் டினாமோ ரீகாவும் கே.எச்.எல்.லை விட்டு வெளியேறின. 2011இல் சுவீடனும் செக்கும் சுலோவாக்கியாவும் லத்வியாவும் ஒன்றாக அழுத ஒரு கழகம், 2025இல் கிண்ணத்தை உயர்த்தியபோது அந்த நாடுகளிற் பலவற்றுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான கதவுகள் மூடப்பட்டிருந்தன. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

ஆனால் அரச நிறுவனத்தின் பணத்தால் வீரர்களை வாங்கலாம். கிண்ணத்தையும் வாங்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். 2011 டிசெம்பரில் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் இரண்டாம் நிலைத் தொடரில் விளையாடுவதைப் பார்க்க நிரம்பிய அரங்கைப் பணத்தால் வாங்க முடியாது. லொகோமோட்டிவைப் பற்றி அறிய விரும்புபவர்கள் 2025ஐ விட அந்த டிசெம்பரையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் தொடக்கத்தில் கே.எச்.எல். பருவம் ஆரம்பமாகிறது. ஆனால் 7ஆம் திகதி ஆட்டங்கள் வைக்கப்படுவதில்லை. அன்று யாரோஸ்லாவ்லில் மக்கள் கல்லறைக்கும் அரங்குக்கு முன்னாலும் பூக்களுடன் போகிறார்கள். 1950இல் இறந்தவர்களுக்குக் கிடைக்காதது அந்த ஒரு நாள். அன்று நான் எழுதிய ஆறு வரிகளில் அவர்களில் ஒருவருடைய பெயரும் இருக்கவில்லை. அதனால்தான் இம்முறை சிலருடைய பெயர்களையாவது எழுதினேன்.